கலைச்சொல் விவாதம்: காஸ்டிக் பேரலில் ‘தோல் அரிப்பு’ என்று எழுதலாமா?

கப்பலூரிலிருந்து, தொழிற்பேட்டைப் பாதுகாப்புப் பணி

அன்பர்களுக்கு வணக்கம்.

மதுரை வட்டாரச் சாயப்பட்டறைகளுக்கும் சோப் ஆயில், பாத்ரூம் ஆசிட் தயாரிக்கும் சிறு கூடங்களுக்கும் தமிழ் லேபிள் வாசகங்கள் தயாராகின்றன. ‘எளிதில் தீப்பற்றும்’, ‘விழுங்கினால் நச்சு’ போன்றவற்றில் தடங்கல் இல்லை, படித்ததும் விளங்குகின்றன. இடிக்கிற வரி ஒன்றுதான். 48 சதவீதக் காஸ்டிக் லைக்கு (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்) ஜி.எச்.எஸ். என்ற உலகளாவிய இரசாயன வகைப்பாட்டு, லேபிள் முறைப்படி எச்314 என்ற எண்ணுள்ள அபாய வாசகம் வர வேண்டும். அதற்கு வரைவில் இருப்பது: ‘தோல் அரிப்பை உண்டாக்கும்’.

அகராதியில் இதற்கு இடம் இருக்கிறது, உலோகத்தை அமிலம் தின்பதையும் அரிப்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால் தோலைச் சேர்த்துச் சொன்னதும் பொருள் மாறிவிடுகிறது. ‘கையெல்லாம் அரிக்குது’ என்றால் நம் ஊரில் கொசு கடித்திருக்க வேண்டும், அல்லது சேனைக்கிழங்கு நறுக்கியிருக்க வேண்டும். சொறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பேரலில் ‘தோல் அரிப்பு’ என்று படித்தவர் ஷிப்டு முடிந்து கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அவர் மேல் குற்றமில்லை.

ஜி.எச்.எஸ். சொல்வது வேறு. நான்கு மணி நேரத்துக்குள்ளான தொடர்பிலேயே மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரை திசு செத்துப்போனால் அது வகை 1. மூன்று நிமிடத் தொடர்பே அந்த நிலைக்குப் போதுமானால் 1ஏ. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு மணி நேரம் வரை என்றால் 1பி, ஒரு மணிக்கு மேல் நான்கு மணி வரை என்றால் 1சி. இந்தச் சேதம் பழைய நிலைக்குத் திரும்பாது. திரும்பக்கூடிய வீக்கமும் சிவப்பும் வகை 2, அதாவது எரிச்சல். வகை 1க்கு ‘அபாயம்’ என்ற சொல்லும், வகை 2க்கு ‘எச்சரிக்கை’ என்ற சொல்லும் லேபிளில் வரும்.

படத்தை நம்பவும் வழியில்லை. உலோகத் துண்டின் மேலும் கையின் மேலும் திரவம் சொட்டும் அந்த ஒரே படத்தைத்தான் உலோகத்தை அரிக்கும் பொருளுக்கும், தோலைக் கெடுக்கும் பொருளுக்கும், கண்ணை மீளாமல் கெடுக்கும் பொருளுக்கும் போடுகிறார்கள். எனவே மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு சொல்லின் மேல் விழுகிறது. வகை 1க்கு என்ன சொல் வைக்கலாம்?

திருப்பரங்குன்றத்திலிருந்து, வேதியியல் ஆசிரியர் (ஓய்வு)

வணக்கம். பள்ளிப் பாடநூல்களில் உலோகத்துக்கு ‘அரிமானம்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. பிள்ளைகளும் தேர்வில் அதையே எழுதுகிறார்கள். ‘தோல் அரிமானம்’ என்று வைத்துவிட்டால் சொறிகிற அரிப்போடு குழம்பாது, உலோகத்துக்கும் தோலுக்கும் ஒரே வேரும் கிடைக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘கரோஷன்’ என்ற ஒரே சொல் இருப்பதால் மொழிபெயர்ப்பவருக்கும் ஒழுங்கு இருக்கும்.

செல்லூரிலிருந்து, சாயத் தொழில் வேதியியலர்

ஐயாவின் சொல்லை உலோகத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம். தோலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் உலோகம். எச்290 என்ற வகுப்புக்கு அளவுகோல் தெளிவானது: 55 டிகிரி செல்சியசில் எஃகையோ அலுமினியத்தையோ ஆண்டுக்கு 6.25 மில்லிமீட்டருக்கு மேல் தின்றால் அந்த வகுப்பு. காஸ்டிக் லை சாதாரண வெப்பத்தில் இரும்புப் பேரலில் நின்றுகொள்ளும். அலுமினியக் குண்டாவில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பும். பக்கத்தில் அடுப்போ சுவிட்ச் பொறியோ இருந்தால் அது பற்றிக்கொள்ளும். இதற்கு ‘உலோக அரிமானம்’ பொருத்தமான பெயர். ஆனால் இரும்புக்கு ஒன்றும் செய்யாத அதே லை தோலுக்கு 1ஏ. ஒரே வேர்ச்சொல் போட்டால் ‘பேரலையே அரிக்கலையே, கையை என்ன செய்யப்போகுது’ என்ற எண்ணம் வரும். இரண்டும் வேறு வேறு சோதனை, வேறு வேறு இலக்கு. ஒரே சொல்லில் கட்டுவதால் லாபம் இல்லை.

அடுத்து, இந்தப் பெயர் எந்தெந்தக் கரைசலுக்குப் போகும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேரலுக்கு மட்டும் அல்ல. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் தனி எல்லைகள் உண்டு: 5 சதவீதமும் அதற்கு மேலும் 1ஏ, 2 முதல் 5க்குள் 1பி, 0.5 முதல் 2க்குள் எரிச்சல். ஜி.எச்.எஸ்.-இன் பொது விதி இன்னும் கறாரானது. பி.எச். 11.5 அல்லது அதற்கு மேலுள்ள காரம் கலவையில் 1 சதவீதம் இருந்தாலே வகை 1 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

பட்டறைக் கணக்கில் சொன்னால்: 48 சதவீத லை லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. அதில் காஸ்டிக் சுமார் 720 கிராம். ஒரு லிட்டர் லையை 20 லிட்டர் தண்ணீரில் விட்டால் 3.3 சதவீதம் வருகிறது, அதாவது இன்னும் 1பி. ‘தண்ணி கலந்தாச்சு, இனி ஒண்ணும் செய்யாது’ என்று வெறுங்கையை விட முடியாது. 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். எரிச்சல் வகுப்பையும் தாண்டி இறங்க 140 லிட்டருக்கு மேல் ஆகும். பருத்திக்குப் பளபளப்பு ஏற்றும் மெர்சரைசிங் தொட்டியில் இருப்பதோ 20 சதவீதத்தை ஒட்டிய கரைசல். சுங்குடிச் சேலைக்கு நாப்தால் என்ற சாயப்பொருளைக் காஸ்டிக் விட்டுக் கரைக்கிற பக்கெட்டையும் விட்டுவிடக் கூடாது, அதன் மேலும் லேபிள் இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, சோடா உப்பும் (சோடியம் கார்பனேட்) வெள்ளைத் தூள்தான், அதன் கரைசலும் பி.எச். 11ஐத் தாண்டும். ஆனால் அதன் வகைப்பாடு கண் எரிச்சலோடு நின்றுவிடுகிறது. காரணம், பி.எச். எண் கரைசலின் முழு வலுவையும் சொல்லாது. அமிலம் விட்டுச் சமன் செய்ய எவ்வளவு பிடிக்கிறது என்ற காரச் சேமிப்பையும் சோதனை முடிவையும் பார்த்துத்தான் வகை தீர்மானமாகும். செதில் காஸ்டிக்கும் சோடா உப்பும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரிச் சாக்கில் இருக்கும் இடங்களில் இந்த இரண்டு சொற்களும் தூரத்திலிருந்தே வேறுபட்டுத் தெரிய வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் என்ன சொல்கிறோம்? ‘வாய் வெந்துபோச்சு.’ சோழவந்தான் வெற்றிலை போடுகிற எல்லாருக்கும் தெரிந்த பேச்சு இது. அங்கே நெருப்பு இல்லை, சூடு இல்லை, காரம்தான் இருக்கிறது. பட்டறையிலும் ‘காஸ்டிக் பட்டு வெந்துருச்சு’ என்பதே வழக்கு. ஆகவே வகுப்புப் பெயரை ‘வேதிச் சுடுபுண்’ என்றோ ‘வேதித் தீக்காயம்’ என்றோ வைக்கலாமே?

மதுரையிலிருந்து, தொழில்நல மருத்துவர்

‘தீக்காயம்’ கூடவே கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பற்பசை, பேனா மை, மஞ்சள் என்று எதையாவது பூசத் தொடங்குவார்கள். இங்கே செய்ய வேண்டியது தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பதுதான். செதிலோ தூளோ என்றால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட வேண்டும், நனைந்த சட்டை, செருப்பு, கையுறையைக் கழற்ற வேண்டும், பிறகு குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீர். காஸ்டிக்குக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். எலுமிச்சம்பழமோ வினிகரோ பிழிந்து ‘முறிக்க’க் கூடாது. சமன்படும்போது பிறக்கும் வெப்பம் புண்ணை இன்னும் ஆழமாக்கும்.

‘சுடுபுண்’ணுக்கும் என் மறுப்பு உண்டு. சுட்டால் கை தானாகப் பின்வாங்கும். காஸ்டிக் பட்டால் முதலில் தெரிவது சூடு அல்ல, சோப்பு போட்டதுபோல் ஒரு வழவழப்பு. தோலிலுள்ள கொழுப்பு சோப்பாக மாறுவதால் வருவது அது. வலி பின்னால்தான் வரும். அமிலம் புரதத்தை உறையவைத்து ஒரு பொருக்கை உண்டாக்குவதால் ஓரளவு அங்கேயே நிற்கும். காரம் திசுவைக் கூழாக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். துருக்கறை நீக்கும் சில திரவங்களில் இருக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இன்னும் மோசம். செறிவு குறைவாக இருந்தால் வலியே பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், அதற்குள் ஃபுளோரைடு ஆழத்தில் போய்க் கால்சியத்தைப் பிடித்துவிடும். அதற்குக் கழுவியதோடு கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் உடனடி மருத்துவமும் வேண்டும். ‘சுடவில்லையே’ என்று காத்திருக்கவைக்கும் பெயரை இந்த வகுப்புக்கு வைக்கக் கூடாது.

வகுப்பின் வரையறை சொல்வது திசு இறப்பு, அதுவும் மீளாதது. அதைச் சொல்லும் பெயர் ‘தோல் சிதைப்பு’. சிதைவு என்று போட்டால் தானாக அழுகுவதுபோல் ஆகும். சிதைப்பு என்றால் ஒரு பொருள் வந்து சிதைக்கிறது என்று தெரியும். அப்படிச் சிதைக்கும் பொருளை ‘தோல் சிதைப்பி’ எனலாம்.

செல்லூரிலிருந்து

டாக்டர் அம்மா சொன்ன வழவழப்பு உண்மை. பிசுபிசுப்பு போகவில்லை என்று சாதாரணமாகத் துடைத்துக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் புண் ஆழமாகிறது. சுடுபுண்ணை விட்டுவிடுகிறேன்.

‘சிதைப்பு’ குறித்து ஒரு தயக்கம். சிதைவு என்றதும் பெண் தொழிலாளர்களுக்குக் கருச்சிதைவுதான் நினைவுக்கு வரும். இனப்பெருக்க நச்சு என்ற வகுப்பு ஜி.எச்.எஸ்.-இல் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று உரசக் கூடாது.

திருப்பரங்குன்றத்திலிருந்து

தோல் என்ற சொல்லை ஒருபோதும் பிரிக்காமல் முன்னால் வைத்தால் அந்தக் குழப்பம் வராது. புணர்ச்சி விதிப்படி ‘தோற்சிதைப்பு’ என்று எழுதுவதே முறை என்றாலும், லேபிளில் ‘தோல் சிதைப்பு’ என்று பிரித்தே எழுதலாம், தோல் என்ற எழுத்துகள் கண்ணில் பட வேண்டும். என் ‘தோல் அரிமான’த்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கப்பலூரிலிருந்து

நன்றி. இந்த விவாதத்தில் இரண்டு வேலைகள் கலந்துவிட்டன என்று தோன்றுகிறது. வகுப்பின் பெயர் பாதுகாப்புத் தரவுத் தாளின் இரண்டாம் பிரிவில், வகையோடும் எண்ணோடும் வருவது. மேற்பார்வையாளரும் மருத்துவரும் அதைப் பார்ப்பார்கள். அங்கே ‘தோல் சிதைப்பு, வகை 1ஏ’ என்று போடலாம். லேபிளின் வாசகம் பேரலைச் சாய்ப்பவருக்கானது. ஆங்கில எச்314 வாசகமும் வகுப்பின் பெயரைத் திருப்பிச் சொல்வதில்லை. கடுமையான தோல் புண், கண் சேதம் என்று விளைவைத்தான் சொல்கிறது. எனவே செல்லூர் அன்பரின் ‘வெந்துபோச்சு’ வாசகத்தில் வரட்டும்.

1989ஆம் ஆண்டின் அபாயகரமான இரசாயனங்கள் விதிகளில் உள்ள ஒன்பதாம் அட்டவணைப் பாதுகாப்புத் தரவுத் தாளைத் தமிழாக்குபவர்கள் கவனிக்க வேண்டியது, அது ஜி.எச்.எஸ்.-இன் 16 பிரிவுத் தாள் அல்ல. அதன் தலைப்புகளுக்குள் இந்த வகுப்புப் பெயர்களைத் திணித்தால் எண்கள் பொருந்தாது. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

48 சதவீத லைக்குத் திருத்திய வாசகம்:

‘அபாயம். தோலில் பட்டால் வெந்து ஆழமான புண்ணாகும். முதலில் வழவழப்பாக மட்டுமே இருக்கும், வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டாம். பட்ட உடனே துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கவும்.’

வழவழப்பு வரி ஜி.எச்.எஸ். தொகுப்பில் இல்லாதது. விதித்த வாசகத்துக்கு முரண்படாத கூடுதல் தகவல் என்பதால் கீழே, துணைத் தகவல் பகுதியில் வைக்கலாம்.

‘அரிப்பு’ என்ற சொல்லை வீணாக்க வேண்டாம். எச்317, தோல் ஒவ்வாமை வகுப்பில் உண்மையாகவே அரிப்புதான் அறிகுறி. அங்கே ‘தோலில் ஒவ்வாமை, அரிப்பு, தடிப்பு வரலாம்’ என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு இந்தப் பிரிவினை உடனே பயன்படுகிறது. 35 சதவீதக் கேன் தோலுக்கு எரிச்சல் வகுப்புதான், பட்ட இடம் வெளுத்துச் சுருக்சுருக்கென்று குத்தும். 50 சதவீதத்தைத் தொட்டால்தான் தோல் சிதைப்பு 1பி. ஆனால் கண்ணுக்கு 8 சதவீதத்திலிருந்தே மீளாத சேதம். தோல் வரி மென்மையாக இருக்கிறதே என்று கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். அதனால் 35 சதவீதக் கேனில் கண் வரியை முதல் வரியாகவும் பெரிய எழுத்திலும் அச்சிட வேண்டும். எச்318 வகுப்புக்கு ‘கண் கேடு’ என்று குறித்திருக்கிறேன். 21 நாளில் முழுதாகச் சரியாகிவிடுவது ‘கண் எரிச்சல்’, ஆகாதது ‘கண் கேடு’.

அடுத்து எடுக்க வேண்டியது எச்334. ரியாக்டிவ் சாயத் தூளை நிறுக்கும் அறையில் சிலருக்கு வரும் ஆஸ்துமா வகை ஒவ்வாமைக்கான வகுப்பு அது. வரைவில் ‘சுவாச உணர்திறனூக்கி’ என்று இருக்கிறது, தராசு முன்னால் நிற்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. பட்டறைகளில் இளைப்பு என்கிறார்கள், வீசிங் என்கிறார்கள். லேபிள் வாசகத்துக்கு ‘மூச்சில் போனால் இளைப்பு வரலாம்’ போதுமா, வகுப்புக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று டாக்டர் அம்மா முதலில் சொன்னால் நன்றாயிருக்கும்.