டிசைனர் பெர்ஃப்யூம்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். ஆடை வடிவமைப்பு நிறுவனங்கள் வெளியிடும் வாசனைத் திரவியத்தை 'டிசைனர் பெர்ஃப்யூம்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'வடிவமைப்பாளர் நறுமணம்' போதும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதைப் படிப்பவர், மணத்தை வடிவமைத்த ஒருவரைப் பற்றிய பேச்சு என்றுதான் நினைப்பார். ஆனால் இங்கே ஆடை தைத்தவர் வேறு, மணத்தைக் கூட்டியவர் வேறு.

இந்த வழக்கம் தொடங்கிய இடத்தைப் பார்த்தால் சொல் தானாகவே கிடைக்கிறது. ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே 1879இல் பாரிஸில் பிறந்தவர், துணி வணிகரின் மகன். இளவயதில் குடை செய்பவர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். அங்கே மிஞ்சிய பட்டுத் துண்டுகளை எடுத்துவந்து மரப்பொம்மைக்கு உடை தைத்துப் பார்த்தார். 1903இல் சொந்த நிறுவனம். இடுப்பை இறுக்கும் கார்செட் வேண்டாத உடைகளால் பெயர் பெற்றார்.

1911 ஜூன் 24 இரவு, தன் தோட்டத்தில் 'ஆயிரத்திரண்டாவது இரவு' என்றொரு விருந்து வைத்தார். எல்லோரும் பாரசீக வேடத்தில் வர வேண்டும். அந்த ஆண்டுதான் அவருடைய மண நிறுவனமும் பிறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் மூத்த மகளுடையது: ரோசின். இரண்டாவது மகள் மார்ட்டீன் பெயரில் இருந்த கலைக்கூடத்துப் பெண்கள் சில குப்பிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள்.

அதனால்தான் 'பெயர்முத்திரை மணம்' என்ற இன்னொரு பரிந்துரையும் எனக்கு ஒட்டவில்லை. புவாரே தன் மண நிறுவனத்துக்குத் தன் பெயரை வைக்கவில்லையே! தன் பெயரையே மணத்துக்குக் கொடுத்தவர் ஆடை வடிவமைப்பாளர் ஷனெல், 1921இல். மணம் கூட்டும் கலைஞர் எர்னஸ்ட் போ 1 முதல் 5 வரையும் 20 முதல் 24 வரையும் எண்ணிட்டு மாதிரிகளை நீட்டினார். ஷனெல் ஐந்தாம் எண்ணை எடுத்தார். அதுவே 'ஷனெல் நம்பர் 5'. இரண்டு கதைக்கும் பொது எது என்றால், ஆடை செய்யும் வீட்டிலிருந்து மணம் வந்தது என்பதுதான். 1828இல் தொடங்கிய கெர்லான் அப்படியல்ல. அது முதலிலிருந்தே மணத் தொழில் செய்த வீடு.

எனவே 'டிசைனர்' என்ற இடத்தில் 'ஆடைமனை' என்பேன். மருத்துவமனை, அடுமனை எல்லாம் நம் வாயில் பழகிவிட்டன. துணிக்கடையோடு குழம்பாதா என்று கேட்கலாம். அதற்கு ஜவுளிக்கடை, துணிக்கடை என்ற சொற்கள் உறுதியாக இருக்கின்றன.

அப்புறம், 'பெர்ஃப்யூம்' என்ற சொல். நறுமணம் என்பது பண்பு. 'ஒரு குப்பி நறுமணம்' என்று யாரும் சொல்வதில்லை. தைலம் என்றால் எண்ணெய். பெர்ஃப்யூம்கள் பெரும்பாலும் எரிசாராயத்தில் கரைத்தவை. 'வாசனைத் திரவியம்' எல்லோருக்கும் புரியும், ஆனால் தொடருக்கு நீளம். 'மணநீர்' கல்யாணத்தை நினைவூட்டும். 'விரை' மணத்தைக் குறிக்கும் அழகான பழஞ்சொல்தான், இன்று வேறு பொருள் முந்திக்கொள்ளும். பன்னீர் இருக்கும் மொழியில் 'நறுநீர்' அந்நியமாக ஒலிக்காது.

ஆக, என் பரிந்துரை: ஆடைமனை நறுநீர். வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "ஷனெல் நம்பர் 5 என்ற ஆடைமனை நறுநீரை ஆக்கியவர் எர்னஸ்ட் போ."

இதில் 'ஆக்கியவர்' மட்டும் இன்னும் உறுத்துகிறது. மணத்தைக் கூட்டும் அந்தக் கலைஞருக்கும் ஒரு பெயர் வேண்டும். சிலப்பதிகாரத்தில் வாசப்பொருள் விற்பவர்கள் 'வாசவர்'. விற்பவரைச் சொன்ன சொல்லை ஆக்குபவருக்கும் நீட்டலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.