மறுமொழி: பின்கால் சப்பாத்து தேய்வதற்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

பின்கால் சப்பாத்தை நிலம் சுரண்டித் தேய்ப்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று போன கிழமை இங்கே கேட்டிருந்தேன். தலைப்பில் வெறுமனே ‘ஃபென்சிங் சப்பாத்து’ என்று போட்டது என் பிழைதான், வேலி அடைக்கப் போகிறவனுக்கு எதற்குத் தனிச் சப்பாத்து என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் சொன்னது வாள்வீச்சு. சென்னைப் பிள்ளை பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினாரே, அது.

மற்றவர்கள் ‘உராய்வு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்கிறீர்கள். இங்கே மட்டக்களப்பில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பழகுவது ஒரு பொது மண்டபத்துச் சீமெந்து நிலத்தில். பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் ‘சப்பாத்து நீடித்து உழைக்க உராய்வைக் குறைக்கவும்’ என்று இருந்தது. தரம் 10 பொடியன் ஒருவன், விஞ்ஞானத்தில் கெட்டிக்காரன், அதை அப்படியே நம்பி அடியில் மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டு வந்தான். முன்காலை எட்டி வைத்துப் பாய்வோமே, அந்த முதல் பாய்ச்சலிலேயே கால் வழுக்கி விழுந்தான், நல்ல காலம் முழங்காலில் தோல் போனதோடு சரி. அவன் மேல் என்ன பிழை? உராய்வு என்று அவன் படித்தது நிலத்தைப் பிடிக்கிற விசையை, அது எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். வேண்டாதது நிலம் ரப்பரைத் துகள் துகளாகச் சுரண்டி எடுப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இப்படித்தான் ஆகும்.

‘அரிப்பு’ என்றார் ஒருவர். காலில் அரிப்பு என்று எழுதினால் மருந்து சொல்லத்தான் ஆள் வரும். ‘சிராய்ப்பு’ தோலுக்கு. ‘தேய்வு’ நல்ல சொல், ஆனால் அது நடந்து முடிந்ததன் பெயர், எப்படி நடந்தது என்பதைச் சொல்லாது. எங்களுக்கு அந்த வேறுபாடு முக்கியம். பாய்ச்சலில் முன்கால் குதி முதலில் நிலத்தில் இறங்கும், அந்தச் சப்பாத்து அடிபட்டுத் தேயும். பின்கால் அப்படியில்லை, பெருவிரல் பக்கத்து உள்விளிம்பு நிலத்தோடு இழுபடும், வலக்கைக்காரருக்கு இடது சப்பாத்து. வாள்வீச்சுக்கென்றே செய்யும் சப்பாத்துகளில் குதியை வளைவாகவும் உள்பக்கத்தைத் தடிப்பாகவும் வைப்பது இதற்காகத்தான். மெத்தென்ற ரப்பர் அடியுள்ள பட்மின்டன் சப்பாத்து பலகைத் தளத்துக்குச் சரி, சீமெந்தில் போட்டால் உள்விளிம்பு முதலில் போய்விடும்.

என் முன்மொழிவு ‘உரஞ்சல்’. கொச்சை என்று தள்ளிவிடாதீர்கள். மாடு முதுகைத் தேய்க்க நட்ட கல்லை ஆவுரஞ்சிக் கல் என்கிறோமே, அதே சொல்தான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவரைப் பாருங்கள், டியூபை நன்றாக உரஞ்சிவிட்டுத்தான் சொலூஷன் பூசுவார். அங்கே அவர் செய்வதும் இங்கே நிலம் செய்வதும் ஒரே வேலை. அப்படியானால் சுரண்டுகிற நிலம் ‘உரஞ்சுதளம்’, அதிலிருந்து காக்க உள்விளிம்பில் ஒட்டும் துண்டு ‘உரஞ்சுகாப்பு’.

இனிச் சப்பாத்து விஷயம். எங்கள் நிலத்தை உரஞ்சுதளம் ஆக்குவது பாதிக்கு மேல் மணல். கடல் மணலில் பெரும்பகுதி படிகக்கல் (குவார்ட்ஸ்), ரப்பரைவிடப் பல மடங்கு கடினம், காலுக்கும் சீமெந்துக்கும் நடுவில் அது உருண்டால் தமிழகத்து நண்பர்கள் சொல்லும் உப்புத்தாள் போலத்தான். கூட்டிவிட்டு ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கிய பிறகு எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மண்டபத்துக்குள் மட்டும் போட ஒரு சோடி வைத்துக்கொள்ளுங்கள், அதோடு வீதிக்கு இறங்க வேண்டாம். துண்டு ஒட்டுவதென்றால் தையல் நூல் வெளியே தெரியும் முன் ஒட்டுங்கள், நூல் அறுந்தால் அப்புறம் அடி பிளந்துகொண்டே போகும். பின்பாதத்தை உள்பக்கம் சரியவிடாமல் தட்டையாக வைக்கப் பழகினாலே உரஞ்சல் குறையும் என்பது வேறு கதை, அதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் உரஞ்சிப் போயிற்று.

———

அண்ணன், அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். ‘உரஞ்சல்’, ‘உரஞ்சுதளம்’ இரண்டும் எனக்குச் சம்மதம், உராய்வோடு குழம்பாது. எங்கள் பக்கத்துச் சிலம்படிக்காரர் வெறுங்காலில் ஆடுவதால் அவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

‘உரஞ்சுகாப்பு’ மட்டும் வேண்டாம். சைக்கிள் கடையில் போய் அப்படிக் கேட்டால் அவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார், ‘ஒட்டு’ என்றால் பழைய டியூபில் வெட்டித் தருவார். இருக்கிற சொல்லை எதற்குக் கெடுப்பான்?

பிறகு ஒன்று, மண்டப வாசலில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள். மணல் உள்ளே வந்த பிறகு துடைப்பதைவிட அது லேசு.