ஸ்வர்ல் மார்க்: ‘சுழல்கீறல்’ வேண்டாம், ‘துடைகீறல்’ என்று வைப்போம்

வணக்கம் நண்பர்களே,

வீட்டிலேயே கார் கழுவித் துலக்குவது பற்றி நாம் போடும் தமிழ்ச் சொற்பட்டியலில் ஸ்வர்ல் மார்க் என்ற ஒரு சொல்லில் மட்டும் விவாத இழை நீண்டுகொண்டே போகிறது. கார் பெயின்டில் வெயில் பட்டால் வட்டம் வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்களுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர், ஸ்வர்ல் என்றால் சுழல். இதுவரை வந்த பரிந்துரைகள் சுழல்கீறல், சிலந்திவலைக் கீறல், நுண்கீறல். மூன்றையும் படித்துவிட்டு நேற்றுக் காலை என் காரின் முன்னால் போய் நின்று பார்த்தேன். பார்த்ததை முதலில் சொல்கிறேன், சொல்லுக்கு அப்புறம் வருகிறேன்.

கார் கருநீலம். வாங்கியதிலிருந்து மூன்று வருடம், தினமும் அலுவலகம் கிளம்பும்முன் ஒரு பழைய பனியன் துணியால் தூசியைத் துடைத்துவந்தேன். தண்ணீர் கிடையாது, காய்ந்த துணிதான். நிழலில் நிறுத்தினால் பானெட் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் கொண்டுவந்தால், சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வட்டங்கள், புள்ளியைச் சுற்றிப் போட்ட கோலம் போல.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வட்டம் டார்ச் வெளிச்சத்தைச் சுற்றி வந்து நின்றது. டார்ச்சை இடப்பக்கம் நகர்த்தினால் வட்டமும் கூடவே இடப்பக்கம் போனது. கதவுக்குப் போனேன், அங்கும் அதே வட்டம். கீறல்கள் உண்மையிலேயே வட்டமாக இருந்தால் அவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், வெளிச்சத்தின் பின்னால் வரக்கூடாது.

விஷயம் இதுதான். கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன, பெரும்பாலும் சின்னச் சின்ன நேர்கோடுகளாக. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் பளிச்சென்று கண்ணுக்கு மின்னுகின்றன, மற்றவை அங்கேயே இருந்தும் தெரிவதில்லை. மின்னுபவை சேர்ந்து வட்டம் போலத் தோன்றுகின்றன. சந்தேகம் இருப்பவர்கள் வீட்டில் பல வருடம் கம்பி நார் போட்டுத் துலக்கிய எவர்சில்வர் தட்டை வெயிலில் பிடித்துப் பாருங்கள். அதே வட்டம் அதிலும் இருக்கும். இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> பெயர் எப்படி வந்தால் என்ன? மூலத்தில் சுழல் இருக்கிறது. நாமும் சுழல்கீறல் என்று வைத்தால் படிப்பவருக்குச் சட்டென்று பொருந்திவிடும்.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். சுழல்கீறல் என்று படிப்பவர், வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று நினைப்பார். நாளை முதல் நேர்கோட்டில் துடைப்பார், பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் கீறுவது கையின் சுற்றல்ல, துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மணல். நம் தெருத் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. காரின் நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் அதன் முன் நிற்காது. காய்ந்த துணியால் நேராக இழுத்தாலும் கோடு விழத்தான் செய்யும். பெயர் தவறினால் பழக்கமும் தவறுகிற இடம் இது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நுண்கீறல் தவறில்லை, ஆனால் மிகப் பொது. கதவுக் கைப்பிடியின் குழிவில் நகம் பட்டு விழுவதும் நுண்கீறல்தான். சிலந்திவலைக் கீறல் காட்சியை அழகாகப் பிடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல் பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டால் ‘சிலந்திவலை மாதிரி ஆயிடுச்சு’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஒரே காரில் ஒரே உவமை இரண்டு வேலை பார்க்க வேண்டாம்.

என் பரிந்துரை: துடைகீறல்.

ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் போல இதுவும் வினைத்தொகை. துடைத்ததால் வந்த கீறல், துடைக்கையில் வருகிற கீறல், இனி துடைத்தால் வரப்போகும் கீறல், மூன்று காலமும் உள்ளே அடங்குகிறது. ‘நடந்த களைப்பு’ என்றால் களைப்பா நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதுபோலத் துடைகீறலிலும் காரணம் தானாக விளங்கும். தயவுசெய்து நடுவில் ‘க்’ போட்டுத் துடைக்கீறல் என்று எழுதாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. இது வெறும் இலக்கணப் பிடிவாதமும் இல்லை. பல ஊர்களில் தொடையைத் துடை என்பார்கள். ‘க்’ போட்டால் தொடையில் விழுந்த கீறலாகிவிடும். மிகாமல் எழுதினால் துடை என்பது வினை என்று எழுத்தே காட்டிக்கொடுக்கும்.

தேய்கீறல் என்று ஒன்றையும் யோசித்தேன், விட்டுவிட்டேன். தேய்பிறை பழகிய காதுக்கு, தானாகத் தேய்ந்து மறையும் கீறல் என்று படும். இது தானாக மறையாது.

அப்படியானால் சுழல் என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம், அதற்குச் சரியான வேலை ஒன்று இருக்கிறது. சுழலும் பாலிஷ் மெஷினைப் பழக்கமில்லாத கை ஓட்டினால், மெஷின் போன வழியெல்லாம் வெயிலில் அலை அலையாக மினுங்கும். ஹாலோகிராம் என்று சொல்கிறார்களே, அது. அது உண்மையிலேயே சுழற்சி விட்டுப்போன தடம். அதற்குச் ‘சுழல்தடம்’ என்று வைப்போம். துணியால் வந்தது துடைகீறல், மெஷினால் வந்தது சுழல்தடம். வந்த வழி வேறு என்பதால் பெயரும் பிரியட்டும்.

இனி பாலிஷ். கடையில் எதைச் செய்தாலும் பாலிஷ் என்றே சொல்கிறார்கள், பட்டியலில் இதைப் பிரித்தே ஆக வேண்டும். உண்மையான பாலிஷ் கீறலை எடுப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை சீவி இறக்குகிறது. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், நம் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கிறது. வேக்ஸ் நேர்மாறு, அது எதையும் எடுக்காது, மேலே ஒரு படலம் பூசும். முதலாவதற்கு மெருகேற்றல் என்பது நகைப் பட்டறையிலிருந்து வந்த நல்ல சொல். இரண்டாவதற்கு மெழுகுதல் போதும். சாணம் கரைத்துத் தரை மெழுகிய வீட்டுச் சொல் அது, பொருளிலேயே பூச்சு இருக்கிறது, கார்னோபா வேக்ஸும் பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகுதான். மெருகு, மெழுகு இரண்டும் காதில் ஒட்டி ஒலிக்கின்றன என்று யாராவது சொன்னால் அது நியாயமான குறை. ‘மெழுகு பூசுதல்’ என்று விரித்துச் சொன்னால் தீர்ந்துவிடும்.

> வாட்டர் ஸ்பாட் என்பதற்கு நீர்ப்புள்ளி?

போர் தண்ணீர் காய்ந்து குழாயில் நிற்கும் வெள்ளையை நாம் என்ன சொல்கிறோம்? உப்புக்கறை. காரிலும் அதே தண்ணீர், அதே கறை. புதுச்சொல் தேவையில்லை.

இரண்டு வாளி முறையில் இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. முறை தெரியாதவர்களுக்காக: முதலில் பைப்பை வைத்து மேலிருந்து கீழே தண்ணீர் அடித்து, தளர்ந்த மண்ணை இறக்கிவிட வேண்டும். கை வைப்பது அதற்குப் பிறகுதான். ஒரு வாளியில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். நுண்ணிழைக் கையுறையை ஷாம்புவில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்புவுக்குள் விட வேண்டும். சக்கரத்துக்கு வேறு துணி, அது ஒருபோதும் பானெட்டுக்கு வரக்கூடாது. வெறும் தண்ணீர் வாளியின் அடியில் ஓட்டைகள் உள்ள ஒரு தட்டு கிடக்கும். கையுறையை அதில் தேய்த்தால் மணல் ஓட்டை வழியாக இறங்கி அடியில் தங்கிவிடும், மேலே கலங்கி வராது. போன வருடம் இதற்கு மாறியபின் என் வாளி அடியில் முதல் நாள் தங்கிய மணலை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று இருந்தது. மூன்று வருடம் அதைத்தான் பெயின்டின் மேல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தத் தட்டுக்கு ‘மண்டித்தட்டு’ என்கிறேன். எண்ணெயின் அடியில் தங்குவதை மண்டி என்கிறோமே, அதே மண்டி.

பட்டியலுக்கு நான் எழுதிய விளக்கம் இது, திருத்துங்கள்:

துடைகீறல்: தூசியோடு துடைப்பதாலோ தேய்த்துக் கழுவுவதாலோ காரின் கிளியர் கோட்டில் பல திசைகளில் விழும் மெல்லிய கீறல்கள். நேர் வெளிச்சத்தில் விளக்கைச் சுற்றி வட்டங்களாகத் தோன்றும்.

‘தேய்த்துக் கழுவுவதாலோ’ என்பதைச் சேர்த்ததற்குக் காரணம், ஸ்பாஞ்சால் வருவதைத் துடைப்பு என்று சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மண்ணைப் பெயின்டின் மேல் இழுப்பது எதுவானாலும் இந்தப் பெயருக்குள் வரட்டும் என்பது என் எண்ணம். மண்டித்தட்டுக்கு உங்கள் ஊரில் இதைவிடப் பழகிய சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.