புதுப்பிப்பு: தெருக் குப்பையை எடை போட்டோம்

எங்கள் தெருவில் குப்பை பிரிக்கும் திட்டத்தால் பயன் உண்டா, எப்படி அளப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பதிவேட்டை மூடிவைத்துவிட்டுத் தராசை எடுத்தோம்.

பதிவேட்டின்படி எல்லா வீடும் பிரிக்கிறது. மட்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியைக் கவிழ்த்தால் முருங்கைச் சக்கையோடு பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட்! மழை நாளில் எடை கூடியது. வெறும் ஈரம்தான், கணக்கில் சேர்க்கவில்லை.

நாப்கின் மட்டும் இப்போது காகிதத்தில் சுற்றி வருகிறது, இன்சுலின் ஊசி தனி டப்பாவில். 2016 திடக்கழிவு விதிகள் சொன்னதும் அதுவே.

"கையில் கிழிபடுவது குறைந்திருக்கிறது தம்பி" என்றார் தூய்மைப் பணியாளர் அக்கா. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

தொடங்குமுன் ஒரு வாரம் எடை போடாதது என் தவறு. ஒப்பிட, திட்டம் வராத அடுத்த தெருவுக்குத் தராசோடு போகிறோம்.