ஆர்.சி. தொடக்கப் பள்ளி: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

சாக்பீஸ் டீச்சர்

திண்டுக்கல் பக்கம், அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி, நாலாம் வகுப்பு. அக்டோபர் என்றால் தெரியுமே, கடைசி பீரியட் முடிந்ததும் கெபி (குகை போல் கட்டிய மாதா பீடம்) முன்னால் ஜெபமாலை. விருப்பம் இருப்பவர்கள் மட்டும் இருந்தால் போதும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். ஆனால் முடிவில் பொரிகடலை உண்டு என்பதால் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை.

அன்றைக்கு முன்னால் நின்று ஜெபத்தைச் சொல்ல வேண்டிய பையன் லீவு. ஜெபமாலையில் இயேசு, மாதா வாழ்க்கையின் நிகழ்வுகளை, அதாவது மறையுண்மைகளை, கிழமைக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும். "இன்னைக்கு என்ன மறையுண்மை?" என்று கேட்டேன். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் 'துயரம்' என்றான். பின்வரிசையிலிருந்து நெற்றியில் திருநீறோடு ஒரு பெண் பிள்ளை, "வியாழக்கிழமை ஒளி, டீச்சர்" என்றது. சரி, நீயே வந்து சொல்லு என்றேன். யோர்தான் ஆற்றில் திருமுழுக்கு, கானாவூர்க் கல்யாணம் என்று தடங்கல் இல்லாமல் போயிற்று. கையில் ஜெபமாலை கிடையாது, விரல் கணுக்களில் கட்டைவிரலை நகர்த்தியே எண்ணியது.

அப்போது பங்குப் பேரவை (பங்கு மக்களின் ஆலோசனைக் குழு) பெரியவர் ஒருவர் வந்து நின்றார். "ஏன் டீச்சர், முன்சொல்ல நம்ம பிள்ளைங்க யாரும் இல்லையா?" என்று சத்தமாகவே கேட்டார். பிள்ளை பாதி மந்திரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. தலையாட்டினேன், தொடர்ந்தது. மறுநாள் அந்தப் பிள்ளை திருநீறு இல்லாமல் வந்தது. அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

கரூர்க்காரன்

நாங்கள் இந்து. பையனை ஆர்.சி. பள்ளியில் சேர்த்ததே எங்கள் அம்மாவின் பிடிவாதம்தான். அவர் படித்ததும் கன்னியர் மடத்துப் பள்ளி.

சாம்பல் புதன் அன்று பையன் நெற்றியில் சாம்பலோடு வந்தான். அம்மாவுக்கு மதியம் கண் சரியாகத் தெரியாது. "எந்தக் கோயில் விபூதிடா? கொஞ்சம் கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, அவன் நெற்றியிலிருந்தே விரலால் தொட்டுத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். அவன், "பாட்டி, அது நீ மண்ணாய் இருக்கிறாய்னு சொல்லி வைக்கிறது" என்றான். அம்மா, "நம்ம விபூதியும் அதைத்தான் சொல்லுது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

எனக்குத்தான் அன்றைக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம். வைப்பதற்கு முன்னால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீச்சர், உங்கள் பெரியவர் கேட்டது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஜெபமாலை சொல்வது அதன் வீட்டுக்குத் தெரியுமா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.

ஓய்வு பெற்ற எச்.எம்.

என் அனுபவம் சின்னது. ஒரு தாளாளர் ஃபாதர், மாற்றலாகி வந்த கையோடு எல்லா வகுப்பிலும் சுரூபம் (சிலை) வைத்தார். மழைக்கு ஒழுகும் கூரையைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பில் மாதா தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, ஒரு பிள்ளை தன் டிபன் பாக்ஸ் மூடியை மாதாவுக்குக் குடையாக வைத்திருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே புதிதாகப் பொறுப்பேற்கிற தலைமையாசிரியர்கள் இருந்தால் சிலதைச் சொல்லியாக வேண்டும். முதலில் சட்டம். அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது, அதைத்தான் எல்லோரும் மேடையில் பேசுவார்கள். 28(3)-ஐ யாரும் பேசுவதில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்கார வைக்க முடியாது. ஆகவே ஜூன் மாதமே கடிதம் வாங்கி ஃபைலில் போடுங்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி. நன்னெறி வகுப்பை, வேலை இல்லாத ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள், பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, 'நம்ம பிள்ளைங்க' பேச்சு. கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட அறிக்கையே, பிற சமயப் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளும் திருச்சபைக்கு மிகவும் வேண்டியவை என்கிறது. பங்குப் பேரவைக்கு முதலில் அதைப் படித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, நம் ஆசிரியர்கள். முதல் வெள்ளித் திருப்பலிக்குப் பிள்ளைகளை வரிசையில் ஓட்டிக்கொண்டு போய்விட்டு, பின்னால் நின்று செல்போன் பார்க்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பிள்ளை பீடத்தைப் பார்க்காது, டீச்சரைத்தான் பார்க்கும். அப்புறம், ஒரு பிள்ளையின் வீட்டில் துக்கம் என்றால், எந்த மதமானாலும், வகுப்பாசிரியர் போக வேண்டும். இதற்கு சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை.

மன்னார் மகள்

ஐயா, உங்கள் கதை நாலு வரி, அறிவுரை நாலு பக்கம். கோவிக்காதேங்கோ.

இலங்கையில் 1960 கடைசியில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. எடுத்த பிறகும் பெயர்ப்பலகையில் றோ.க.த.க. (றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன்) பாடசாலை என்றே கிடக்கிறது. சமயம் ஒரு பாடம், அவரவர் சமயத்தை அவரவர் படிக்க வேண்டும். மணி அடித்தால் சைவப் பிள்ளைகள் ஒரு பக்கம், எங்கட பிள்ளைகள் ஒரு பக்கம்.

நான் வவுனியாவில் கத்தோலிக்கம் படிப்பித்தபோது ஒரு பெடியன் இருந்தான். தகப்பன் வேதம் (கத்தோலிக்கம்), தாய் சைவம். அந்தக் கிழமை எந்தப் பக்கம் நல்ல கதை நடக்கிறதோ அந்தப் பக்கம் போவான். கண்ணப்பர் என்றால் அங்கே, யோனாவும் மீனும் என்றால் இங்கே. நாங்கள் இரண்டு ரீச்சர்மாரும் பேசாமல் விட்டுவிட்டோம். தவணைப் பரீட்சை அன்று மேசையில் இரண்டு வினாத்தாளும் கிடக்கிறது. மேற்பார்வைக்கு நின்ற சேர், "எதை எழுதப் போறாய்?" என்றார். "எது லேசு சேர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, சேர் சிரிக்கவில்லை. தகப்பனைக் கூப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் மட்டும்தான் இருந்தான். கதை கேட்கிற முகம் மட்டும் இல்லை.

ஸ்காபரோ அப்பா

ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசாங்கக் காசில்தான் நடக்கின்றன. ஆனால் டொரோண்டோவில் ஆரம்ப வகுப்பில் சேர ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள், பிள்ளையுடையது அல்லது தாய் தகப்பனுடையது. இதற்காகவே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பில் புதுநன்மை, வெள்ளைச் சட்டை, மண்டபச் சாப்பாடு. அடுத்த ஞாயிறு கோயிலில் பாதி வாங்கு (பெஞ்ச்) காலி. என் மகள் திரும்பிப் பார்த்து, "அப்பா, எல்லாரும் பாஸ் பண்ணிட்டினமா?" என்று கேட்டாள். பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர் வேண்டாம்

எச்.எம். ஐயா, மறைக்கல்விக்கு ஒரு பக்கம், நன்னெறிக்கு ஒரு பக்கம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள்?

அந்தோணியார் கோயில் சப்பரம் தூக்குவது எங்கள் தெருதான். ஆனால் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் இந்து, எஸ்.சி. எஸ்.சி. பட்டியல் பற்றிய 1950-ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. கிடையாது. தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்குப் போய்விடுவோம். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திருத்தினார்கள், நமக்கு இல்லை.

புது சிஸ்டர் எமிஸ் (அரசின் மாணவர் விவரப் பதிவு) பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார். "ஆர்.சி. இந்தப் பக்கம், மத்தவங்க அந்தப் பக்கம்." என் அக்கா மகன் பெயர் நன்னெறியில் வந்தது. போன ஈஸ்டருக்குத்தான் புதுநன்மை வாங்கியிருந்தான், கழுத்தில் உத்தரியம் (பக்திக்காக அணியும் சின்னத் துணிமாலை). எழுந்து நின்றான், இரண்டு வரிசைக்கும் நடுவில். சிஸ்டர், "உன் பேர்தான் வாசிச்சேன், போப்பா" என்றார். உத்தரியத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுப் போனான். சிஸ்டர்மேல் குற்றம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஓய்வு பெற்ற எச்.எம்.

இதற்காகத்தான் பெற்றோர் கடிதம் என்றேன். 'என் மகன் மறைக்கல்வியில் கலந்துகொள்ளச் சம்மதம்' என்று அவன் அப்பா எழுதிக் கொடுத்தால் பட்டியலைப் பார்க்க வேண்டியதே இல்லை.

கரூர்க்காரன்

சட்டப்படி அதுதான் சரி. யாரும் மறுக்க முடியாது.

பெயர் வேண்டாம்

யாரும் மறுக்க முடியாதுதான். அதுதான் பயம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் என்ன சொன்னது என்று பாருங்கள். ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்துக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக இந்து எஸ்.சி. சான்றிதழ் கேட்க முடியாது என்றது. இந்த நிலையில் பள்ளி ஃபைலில் அக்கா வீட்டுக்காரர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போட்டுவைக்கச் சொல்கிறீர்கள்.

அவர் கொடுக்கவில்லை. சிஸ்டரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரத்திலிருந்து பையன் மறைக்கல்வியில்தான் உட்காருகிறான். வருகைப் பதிவில் மட்டும் நன்னெறியில் டிக் விழுகிறது.