மறு: திருச்சி–பலாலி பாடத்தாள்: ‘நிலைநேரம்’ சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பாடத்தாள் நாளை அச்சுக்குப் போகிறது. அதில் விமானப் பயணத்தின் நேரத்தையும் தொலைவையும் குறிக்க எந்தத் தமிழ்ச் சொற்களைப் போடுவது என்பதுதான் கேள்வி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்க்கோடு போட்டால் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். கோடு பட்டுக்கோட்டைப் பக்கமாக வந்து, அதிராம்பட்டினம் அருகே கடலில் இறங்குகிறது. அந்தத் தடத்தில் போகும் ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் இருக்கும். வகுத்துப் பார்த்த பிள்ளைகள் 22 நிமிடம் என்றார்கள். பயணச்சீட்டிலோ ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருக்கிறது. “மீதி நேரம் எங்கே சார் போச்சு?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, வளைந்து வந்து ஓடுபாதைக்கு நேராவது எல்லாம் அதில் சேர்த்தி. ஆக, சக்கரம் தரையை விட்டது முதல் தரையைத் தொடும் வரை ஒரு நேரம். நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை இன்னொரு நேரம். அட்டவணையில் இருப்பது இரண்டாவது.

முதலாவதற்கு நம் குழுவின் யாழ்ப்பாணத்து அம்மா தந்த ‘பறப்பு நேரம்’ எல்லோருக்கும் சம்மதம். இரண்டாவதற்கு நான் வைத்தது ‘நிலைநேரம்’. திருவாரூர்க்காரனான எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எங்கள் ஊர் ஆழித்தேர், அது நிற்கும் இடமான நிலையை விட்டுக் கிளம்பி, நான்கு வீதியும் சுற்றி, நிலைக்கு வந்தால்தான் தேரோட்டம் முடிந்தது. முட்டுக்கட்டை போடுபவர்கள் தேருக்குச் செய்வதைத்தான் விமானத்தின் சக்கரக்கட்டையும் செய்கிறது.

திருவையாற்று ஐயா, ‘நிலைநேரம்’ என்றால் நிற்கும் நேரம் என்றுதான் படிப்பார்கள் என்கிறார். நிலை விட்டு நிலை சேரும் நேரம் என்று தொகையை விரித்துக் காட்டினால் போதாதா ஐயா? தண்ணீர்க்குடத்தைத் தண்ணீரால் செய்த குடம் என்று யாரும் படிப்பதில்லையே. விமானம் வடசொல், வானூர்தி என்றே போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு விமானம் என்றால் பெரிய கோயில் கருவறைமேல் எழும் கட்டடமும் நினைவுக்கு வரும், உண்மைதான். ஆனால் சீட்டில் ஒரு சொல், பாடத்தில் ஒரு சொல் என்றால் குழம்பப்போவது அவர்கள்தான்.

கும்பகோணத்து நண்பர் தொலைவுக்குக் கேட்ட ‘வான்காதம்’ எனக்கும் ஆசையான சொல். காதம் பழைய தொலைவு அளவு. புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்ததுமே மதுரை எங்கே என்று கண்ணகி கேட்க, ‘ஆறைங்காதம்’, பக்கம்தான் என்று கோவலன் சொல்லும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் மனம் கலங்குகிறது. அது ஆறும் ஐந்தும் பதினொன்று அல்ல, ஆறைந்து முப்பது. ஆனாலும் ஒரு காதம் எத்தனை கிலோமீட்டர் என்பதில் நமக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. ‘நேர்த்தொலைவு’ போதும்.

நேற்றிரவு யாழ்ப்பாணத்து அம்மா எழுதியதுதான் என்னை யோசிக்க வைத்தது. அவர்கள் ஊரில் தேர் நிற்கும் இடம் தேர்முட்டி. நிலை என்றால் அங்கே தேர் கண்ணில் வராது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘சரி, நிலைநேரமே இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டார்கள். அதையே போட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன். திருவையாற்று ஐயா இன்னும் ஒப்பவில்லை.

அச்சகம் காலை பத்து மணி வரை பொறுக்கும். அதற்குள் திருவாரூரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றுபோல் புரியும் சொல் கிடைத்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.