மாரினேட் செய்தல்: 'ஊறவைத்தல்' என்ற ஒரே சொல் போதுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ஸ்டேக் எனப்படும் தடித்த மாட்டிறைச்சித் துண்டைச் சமைப்பதற்கு முன் செய்யும் பணிகள் அனைத்தையும் 'பதப்படுத்தல்' என்ற சொல்லில் அடக்கிவிடலாம் என்று முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பதப்படுத்தல் என்றால் தோலையோ மீனையோ நெடுநாள் கெடாமல் வைக்கும் தொழில்தான் நினைவுக்கு வரும். இங்கோ இறைச்சி சில மணி நேரத்தில் அடுப்பேறப் போகிறது. 'ஊறவைத்தல்' நம் வீடுகளில் வழங்கும் நல்ல சொல். ஆயினும் எல்லாவற்றுக்கும் அதையே வைத்தால், தனித்தனியே நிகழும் மாற்றங்கள் ஒரே பெயருக்குள் மறைந்துவிடும்.

முதலில் உப்பு. துண்டின்மேல் உப்பைத் தூவிய சில நிமிடங்களில் உள்ளிருக்கும் நீர் வெளியே கசிந்து அதைக் கரைக்கிறது. அந்த ஈரத்தோடே வாணலியில் இட்டால், சூட்டின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் வேகம் பெறும் மயார் வினை, அதாவது 1912இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீய் மயார் விளக்கிய அந்தச் சிவத்தல், தாமதமாகும். முக்கால் மணி நேரமேனும் பொறுத்தால் கரைந்த உப்புநீர் மெல்ல உள்ளிறங்கத் தொடங்கும். ஓரிரவு குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் வைத்தால், உப்பு மேலும் ஆழத்துக்குச் செல்வதோடு மேற்புறமும் உலர்ந்துவிடும். தசைப் புரதங்கள் உப்பினால் சற்றுத் தளர்ந்திருப்பதால், வேகும்போது வெளியேறும் சாறும் குறையும். ஆங்கிலத்தில் டிரை பிரைன் எனப்படும் இம்முறைக்கு 'உப்பேற்றல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'உப்பிடல்' அடுப்பில் வைக்கும் நொடியில் தூவுவதற்கும் பொருந்துமாகையால், அதை இங்கே தவிர்த்தேன்.

அடுத்தது, சமைக்குமுன் இறைச்சியை ஊறவைக்கும் மாரினேட் எனும் நீர்மக் கலவை. இதற்கு 'ஊறுசாறு' என்பது என் பரிந்துரை. ஊறுகாய் என்ற பழகிய சொல்லே இதற்கு முன்மாதிரி. 'ஊறு' என்பதற்குத் துன்பம் என்ற பொருளும் உண்டே என்று யாரேனும் தடை எழுப்பலாம். ஊறுகாயை உண்ணும்போது எவருக்கும் அந்த ஐயம் எழுவதில்லை. மணற்கேணியில் நீர் சுரப்பதும் ஊறுதல், அரிசி நீரை உறிஞ்சுவதும் ஊறுதல் என்பதால், முதலில் வெளியே கசிந்து பிறகு உள்ளே செல்லும் நீரின் இருவழிப் போக்கையும் இவ்வினைச்சொல் தாங்குகிறது.

ஆனால் வரையறை எழுதும்போது 'சுவை இறைச்சி முழுவதும் பரவும் முறை' என்று எழுதிவிடக் கூடாது. உப்பு ஆழமாகச் செல்லும். பூண்டு, மிளகு, எண்ணெய் ஆகியவற்றின் மணப்பொருள்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். எலுமிச்சையின் அமிலமும் பப்பாளிக்காயின் பப்பாயின் நொதியும் வெளிப்புறத்தையே தாக்குவதால், நேரம் மிகுந்தால் உள்ளே மென்மையாவதற்குப் பதில் மேலே கூழாகிவிடும். மெக்சிகோவின் சுட்ட மாட்டிறைச்சியான கார்னே அசாடாவும், பேரிக்காயும் சோயா சாறும் சேரும் கொரியாவின் இறைச்சி உணவான புல்கோகியும் மெல்லிய துண்டுகளுக்கு ஊறுசாற்றைப் பயன்படுத்துவது இதனால் பொருந்தி வருகிறது. இரண்டு அங்குலத் தடிமனுள்ள துண்டுக்கு உப்பேற்றலே போதும் என்பது என் கருத்து.

உப்பு, மசாலா போன்றவற்றைச் சேர்க்கும் சீசனிங் என்பதற்குச் 'சுவையூட்டல்' போதுமானது, 'முன்சுவையூட்டல்' வேண்டாம். அது எப்போதும் சமைப்பதற்கு முன்னரே நிகழ்வதில்லை. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத் தடித்த ஸ்டேக்கான பிஸ்தேக்காவுக்குச் சுட்ட பிறகு உப்பிடுவதே மரபு. அர்ஜென்டினாவின் மூலிகைத் துவையலான சிமிசுர்ரியும் பெரும்பாலும் சுட்ட இறைச்சியோடு பரிமாறப்படுவதே.

உலர் மசாலாவைப் பூசும் ரப் என்பது மட்டும் மீதமிருக்கிறது. 'பிசறல்' சிறு துண்டுகளைக் கலப்பதற்கே பொருந்துவதால் 'தடவுபொடி' என்று வைக்கலாமா என எண்ணுகிறேன். இதைவிடப் பொருத்தமான வட்டார வழக்கு அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.